இரண்டு மூலைகள், ஒரு குழி

மரங்கள் உள்ள ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். வேம்பும் புங்கையும் இரவெல்லாம் உதிர்த்த சருகை யாராவது கூட்டி ஒரு மூலையில் குவித்திருப்பார்கள். பல இடங்களில் அந்தக் குவியலுக்குத் தீ வைத்துவிடுவதும் உண்டு. வகுப்பறை ஜன்னல் வழியாகப் புகை வரும், பிள்ளைகள் இருமுவார்கள், அரை மணி நேரத்தில் சாம்பல்தான் மிஞ்சும். மதியச் சாப்பாடு முடிந்ததும் அதே வளாகத்தின் இன்னொரு மூலைக்குப் போங்கள். வெண்டைக்காய்க் காம்பு, வெங்காயத் தோல், முட்டை ஓடு, மிச்சம் வைத்த சாம்பார் சாதம். ஈ மொய்க்கிறது, நாய் கிளறுகிறது, மறுநாள் அந்தப் பக்கம் போக முடியாத நாற்றம்.

ஒரு மூலையில் எரிகிறது, ஒரு மூலையில் அழுகுகிறது. இரண்டையும் ஒரே குழியில் சரியான அளவில் சேர்த்தால் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை, மூன்று மாதத்தில் தோட்டத்துக்கு உரம். குப்பையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அறிவியலில் பாதி இந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறது.

அந்தச் சரியான அளவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குழியில் வேலை செய்பவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அவற்றின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் பத்துப் பங்கு கார்பன் இருக்கிறது. உடம்பைக் கட்ட இந்தப் பத்து போதும். ஆனால் உயிரோடு இருக்கவும் பெருகவும் ஆற்றல் வேண்டுமே? அதற்காக அவை இன்னும் ஓர் இருபது பங்கு கார்பனை ஆக்சிஜனோடு சேர்த்து மெதுவாக எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகின்றன. பத்தும் இருபதும் முப்பது. நுண்ணுயிருக்குப் பசியாற ஒரு பங்கு நைட்ரஜனோடு ஏறக்குறைய முப்பது பங்கு கார்பன் கிடைக்க வேண்டும். உலகெங்கும் உரக்குழி போடுகிறவர்கள் சொல்லும் முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கு இப்படி வந்ததுதான்.

காய்ந்த சருகில் கார்பன் மிக அதிகம். அதை மட்டும் குவித்து வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நுண்ணுயிருக்குப் புரதம் செய்ய நைட்ரஜன் போதாது. காய்கறித் தோலிலும் பருப்பிலும் நைட்ரஜன் தாராளம், தண்ணீர் அதைவிடத் தாராளம். அதை மட்டும் குவித்தால் ஈரத்தில் காற்றின் வழி அடைபடும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறொரு கூட்டம் உள்ளே வந்துவிடும். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. கண்ணைக் கரிக்கும் நெடி அம்மோனியா. குழிக்கு வேண்டியதற்கு மேலிருந்த நைட்ரஜன் வாயுவாகி ஓடுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: இரண்டு கூடை சருகைப் போட்டுக் கிளறிவிடுவது. மூக்கை வைத்தே வேதியியல் சொல்லித்தர இதைவிட வசதியான பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம். குவியல் அந்த அளவாவது இருந்தால்தான் உள்ளே பிறக்கும் சூடு உள்ளேயே தங்கும். சருகு ஓர் அடுக்கு, சமையல் கழிவு ஓர் அடுக்கு, மேலே கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு நீர் எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. முதல் ஓரிரு நாளில் சாதாரண வெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று தீர்க்கின்றன. அவை விடும் சூட்டில் குவியல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அவற்றுக்கே அந்த இடம் ஒவ்வாமல் போகிறது. அதுவரை செயலற்றுக் காத்திருந்த, வெப்பத்தை விரும்பும் இன்னொரு கூட்டம் விழித்தெழுகிறது. வெப்பம் 55, 60, சில சமயம் 65 டிகிரி வரைகூட ஏறும்.

இந்தக் கட்டத்தில் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவி, ஆசிரியர் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் நீட்ட வேண்டும். தொட்டவுடன் கையை இழுத்துக்கொள்வார்கள். நெருப்பு இல்லை, மின்சாரம் இல்லை, வெயிலும் அந்த இடத்தில் இல்லை. ஓர் உயிர் மூச்சுவிடும்போது வெளிவரும் சூடு இது. நம் உடம்பு 37 டிகிரியில் இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால்தான் குப்பைக் குவியலும் கொதிக்கிறது. 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவையும் களை விதைகளும் செத்துப்போகும். குழி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது.

சூடு தணிய ஆரம்பித்தால் கிளறிக் காற்றுக் கொடுக்க வேண்டும், மறுபடி ஏறும். சில வாரங்களில் மெல்ல அடங்கும்போது சருகுகளின் மேல் சாம்பல் பூத்தது போன்ற வெண்ணிற இழைகள் தெரியும். பூசணம் பிடித்துவிட்டது என்று பலர் பயந்து அள்ளி எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம். ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகை அது. மற்றவற்றால் கடிக்க முடியாத, சருகின் நரம்பிலுள்ள கடினமான நாரைத் தின்ன வந்திருக்கிறது. கோடை மழையின் முதல் தூறலில் கிளம்பும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைச் செய்வதும் இதே கூட்டம். மனித மூக்கு ஜியோஸ்மினை ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். குழியிலிருந்து நாற்றம் போய் மழை மணம் வர ஆரம்பித்தால் உரம் தயாராகிறது என்று பொருள். அப்போது குவியல் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். மீதி எங்கே போனது என்று எந்த வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றுக்குப் போனது. மரம் எங்கிருந்து எடுத்ததோ அங்கேயே.

இவ்வளவும் ஒழுங்காக நடக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு. குழிக்குள் போவது மட்கும் குப்பையாக மட்டும் இருக்க வேண்டும். ஒரு மிட்டாய்க் காகிதம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒன்று ஒன்றும் செய்யாது. ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு ஒன்று விழுந்தால் அந்த உரத்தை எந்த விவசாயியும் வாங்கமாட்டார்.

இதைப் புரியவைக்க வகுப்பில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு கரண்டி கடுகு, ஒரு கரண்டி ரவை, ஒரு கரண்டி உப்பு. ஒரு கிண்ணத்தில் கொட்டி இரண்டு முறை குலுக்குங்கள். இப்போது பழையபடி மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். சல்லடை கேட்பார்கள், கடுகு தனியாக வந்துவிடும். பிறகு தண்ணீர் கேட்பார்கள். உப்பு கரைந்து இறங்கும். பிறகு உப்பு நீரைக் காய்ச்ச அடுப்பு, ரவையை உலர்த்த வெயில். குலுக்கியது இரண்டு நொடி. பிரிக்க ஒரு பாடவேளை போதாது, விறகோ எரிவாயுவோ வேறு செலவாகிறது. முடிவில் கிடைக்கும் ரவையும் பழைய ரவை அல்ல.

இயற்பியலில் இதற்கு என்ட்ரோபி என்று பெயர். பொருள்கள் பிரிந்து நிற்கும் விதங்கள் மிகக் குறைவு, கலந்து கிடக்கும் விதங்கள் எண்ணில் அடங்காதவை. அதனால் கலப்பது தானாக நடக்கிறது. பிரிப்பதற்கு ஆற்றல் செலவழித்தே தீர வேண்டும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் போல்ட்ஸ்மான் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்காக நிறுவினார். அவர் பெயர் தாங்கிய சமன்பாடு வியன்னாவில் அவர் கல்லறையின் மேலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. வாழைப்பழத் தோலையும் பேட்டரியையும் நாப்கினையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரே கூடையில் போடுகிற நொடியில் நாம் எல்லோரும் அந்தச் சமன்பாட்டுக்குள் போய்விடுகிறோம். பிரித்துப் போடுவது நல்ல பழக்கம் என்று பிள்ளைகளிடம் சொல்வதை விட, கலப்பது இலவசம், பிரிப்பதற்குத்தான் விலை என்று காட்டிவிட்டால் அவர்கள் மறப்பதில்லை.

கலந்ததைப் பிரிக்கும் விலை எவ்வளவு என்று பார்க்கச் சென்னையில் தூரம் போக வேண்டியதில்லை. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 200 ஏக்கருக்கும் மேல் பரந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, அதன் மேலேயே வளர்ந்தது. 2022இல் அந்தச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கில் பிடித்த தீயை அணைக்க நாள்கணக்கில் போராட வேண்டியிருந்தது. நாம் வீசும் சோறும் தோலும் மேலே மேலே குப்பை விழுந்து காற்றில்லாத ஆழத்துக்குப் போகும்போது, அங்கே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. எரியக்கூடிய வாயு அது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் பூமியைச் சூடாக்குவதில் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு வலியது. பள்ளித் தோட்டத்துக் குழியில் காற்றோடு மட்கிய அதே வெண்டைக்காய்க் காம்பு இங்கே வந்தால் வேறொன்றாகிறது. இடம் மாறியதால் வேதியியல் மாறிவிட்டது.

பெருங்குடியில் பழைய குப்பையை அகற்ற எடுத்துக்கொண்ட வழிக்குப் பயோமைனிங் என்று பெயர். ஆண்டுக்கணக்கில் குவிந்ததைத் தோண்டி, உலர்த்தி, சுழலும் பெரிய உருளைச் சல்லடைகளில் போட்டு மண், கல், பிளாஸ்டிக், துணி, இரும்பு என்று பிரிக்கிறார்கள். வடசென்னையின் கொடுங்கையூர்க் கிடங்கிலும் இதே வேலை. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் திட்டங்கள் இவை. ஒவ்வொரு வீட்டிலும் சில நொடிகளில் முடிந்திருக்கக்கூடிய காரியத்தைப் பல பத்தாண்டுகள் கழித்து இயந்திரம் வைத்துச் செய்கிறோம். செய்தாலும் அங்கிருந்து வரும் பிளாஸ்டிக் மண் ஒட்டிய கிழிசல்தான்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். பிளாஸ்டிக் என்று ஒரு பொருள் கிடையாது என்பதை ஒரு வாளித் தண்ணீரிலேயே காட்டலாம். குடிநீர் பாட்டில் ஒன்றை எடுத்து உடம்பில் ஒரு துண்டும் மூடியில் ஒரு துண்டும் வெட்டித் தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். உடம்புத் துண்டு அடியில் போய் உட்காரும், மூடித் துண்டு மேலே வந்து மிதக்கும். பாட்டில் உடம்பு பெட் (PET) என்ற வகை. அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 1.38 மடங்கு. மூடி பாலி எத்திலீன் அல்லது பாலி புரோப்பிலீன், தண்ணீரைவிட லேசு. இன்னும் கொஞ்சம் விளையாட வேண்டுமென்றால் பழைய சிடி வந்த, கண்ணாடி போன்ற பெட்டியில் ஒரு துண்டு எடுங்கள். அது பாலிஸ்டைரீன், அடர்த்தி 1.05. சாதாரண நீரில் மூழ்கும். கை நிறைய உப்பு அள்ளிப் போட்டுக் கரைத்தால் மெல்ல எழுந்து மேலே வரும். அந்தக் கணத்தில் வகுப்பு எழுப்பும் சத்தத்தைக் கேட்க வேண்டும். மறுசுழற்சி ஆலைகளிலும் பெரிய தொட்டிகளில் இதையேதான் செய்கிறார்கள்.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணும் இதற்காகத்தான். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் துறையினர் கொண்டுவந்த அந்த 1 முதல் 7 வரையிலான எண்கள் எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கின்றன. மறுசுழற்சி செய்துவிடுவார்கள் என்று உறுதி கொடுப்பதில்லை. 1 என்பது பெட், நன்றாகப் போகும். உருக்கி நூலாக்கிப் பாலியஸ்டர் துணி நெய்கிறார்கள். 3 என்பது பிவிசி. பெட்டை உருக்கும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுகளை வெட்டி நிறத்தையும் வலிமையையும் கெடுத்துவிடும். மிகச் சிறிய அளவு பிவிசி கலந்தாலே ஒரு பெரிய ஈடு வீணாகிவிடும். பழைய பொருள் கடைக்காரர் பாட்டிலைத் தட்டிப் பார்த்தும் நசுக்கிப் பார்த்தும் ரகம் பிரிப்பதை வேடிக்கையாகப் பார்க்கிறோம். நுட்பமான தொழில் அறிவு அது. பள்ளிகள் அவரைப் பாடம் நடத்தக் கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

அவர்கூட எடுக்கமாட்டார் என்று ஒன்று உண்டு. சிப்ஸ் பாக்கெட். உள்பக்கம் வெள்ளிபோல் மின்னும் அந்தக் காலிப் பையை ஓர் எரியும் மின்விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளக்கு மங்கலாகத் தெரியும். உலோகத்தின் ஊடாக வெளிச்சம் வருகிறது! காரணம், அந்த அலுமினியப் பூச்சின் கனம் சில பத்து நானோமீட்டர்தான். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படலத்தின் மேல் படியவைக்கிறார்கள். ஆக்சிஜனையும் ஈரத்தையும் மாதக்கணக்கில் தடுத்து வறுவலை மொறுமொறுப்பாக வைத்திருக்கும் அருமையான பொறியியல். சாப்பிட்டு முடிக்க ஐந்து நிமிடம். அதன்பின் அந்த அலுமினியத்தையும் பல அடுக்குப் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுக்கக் கட்டுப்படியான வழி இன்று நடைமுறையில் இல்லை. நல்லபடியாகச் சேகரித்தால் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும். இல்லையென்றால் சாக்கடையை அடைக்கும். கலவை என்பது இங்கே தொழிற்சாலையிலேயே நடந்துவிட்டது, வீட்டில் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை. மறுசுழற்சிக்கு முன்னால் குறைத்தல் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தடை ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குகளை நிறுத்தச் சொன்னது. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இரண்டும் குறைப்பதைப் பற்றியவை.

எதைக் குறைப்பது என்று முடிவு செய்ய முதலில் என்ன எறிகிறோம் என்று தெரிய வேண்டும். நமக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறோம். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973இல் ஒரு விசித்திரமான ஆய்வைத் தொடங்கினார். அழிந்துபோன நாகரிகங்களை அவை விட்டுச்சென்ற ஓட்டாஞ்சில்லுகளை வைத்துப் படிக்கிறோமே, உயிரோடு இருக்கும் ஊரை அதன் குப்பையை வைத்து ஏன் படிக்கக் கூடாது என்று கேட்டு, மாணவர்களோடு டூசான் நகரின் குப்பைப் பைகளைப் பிரித்து எடைபோட்டார். வீட்டுக்காரர்கள் குடித்ததாகச் சொன்ன பீருக்கும் பையில் கிடந்த டப்பாக்களுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. பின்னர் அவர் குழு குப்பைக் கிடங்குகளையே துளைபோட்டுத் தோண்டியது. பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்கள் படிக்கும்படி கிடந்தன. அவற்றிலிருந்த தேதியை வைத்தே ஒவ்வொரு அடுக்கின் வயதையும் குறித்தார்கள். ஈரமும் காற்றும் போதாத ஆழத்தில் காகிதம்கூட மட்கவில்லை. கிடங்கை நிரப்புவது குழந்தைகளின் டயப்பரும் துரித உணவுப் பொட்டலங்களும்தான் என்று மக்கள் நம்பினார்கள். தோண்டிப் பார்த்தால் அவை எல்லாம் சேர்ந்தே சில சதவீதம், காகிதமோ 40 சதவீதத்துக்கும் மேல்.

இந்த ஆய்வை எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு மதியத்தில் செய்யலாம். பள்ளியின் ஒரு நாள் குப்பையைப் பழைய தார்ப்பாயில் கொட்டுவதற்கு முன், எது அதிகம் இருக்கும் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கையுறை, முகக்கவசம், ஒரு தொங்கு தராசு. பிரித்து, எடைபோட்டு, கரும்பலகையில் எழுதும்போது ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி அவர்களையே திடுக்கிட வைக்கும். ஓவியப் போட்டி, வாசகப் பதாகை, ஊர்வலம், உறுதிமொழி என்று உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஆம் தேதி நாம் நடத்துகிற எதுவும் இந்த ஒரு மதியத்துக்கு ஈடில்லை. உறுதிமொழி எடுத்த கையோடு பாக்கெட் பழச்சாறு விநியோகிக்கிற விழாக்களை நிறுத்த வேண்டும். பிள்ளைகள் கண்ணில் அது படாமல் போவதில்லை.

பள்ளியைத் தாண்டி ஊர் மட்டத்தில் பார்த்தால், குப்பையைச் சேகரிப்பதில் தமிழ்நாட்டுக்கு நல்ல முன்னனுபவம் இருக்கிறது. 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருத் தெருவாக மக்களைச் சேர்த்தது. வீட்டுக்கு ஒரு சிறு தொகை வசூலித்து, தெருவுக்கு ஒரு வண்டியும் அதற்கு ஓர் ஆளும் வைத்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்து குப்பை வாங்கும் முறை நகரத்துக்குப் பழக்கமானதில் அந்த இயக்கத்துக்குப் பங்குண்டு. பின்னர் 2016இல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை எல்லா வீட்டாருக்கும் கடமையாக்கின.

ஆனாலும் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் பேசப் போனால் முதல் கேள்வி ஒன்றுதான்: “நாங்க பிரிச்சுக் குடுக்கிறோம், லாரியில எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?” நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பலாகப் பதில் சொன்னால் அந்தத் தெருவை இழந்துவிடுவோம். பிரித்து வாங்கும் ஏற்பாட்டை உறுதி செய்துவிட்டுப் பிறகுதான் பிரிக்கச் சொல்ல வேண்டும். ஈரக் குப்பையைத் தெருவிலேயே, மாடியிலேயே, பூங்காவிலேயே உரமாக்கிக்கொண்டால் லாரியின் தயவு பாதி குறைந்துவிடும். பிள்ளைகளின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இரண்டு கூடையில் பிரித்துப் போட்டதை மாலையில் ஒரே மூட்டையாகக் கட்டுவதை ஒரு குழந்தை ஒருமுறை பார்த்துவிட்டால், ஓராண்டுப் பாடம் அன்றோடு முடிந்தது.

லாரி எப்படி இருந்தாலும் பிரிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதுவே முதல் காரணம். நாம் பிரிக்காததை யாரோ ஒருவர் கையால் பிரிக்கிறார். தூய்மைப் பணியாளரின் உள்ளங்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை கண்ணாடிக் கீறல்கள், எத்தனை ஊசித் தழும்புகள் என்று. உடைந்த டம்ளரைச் செய்தித்தாளில் சுற்றிக் கயிறு கட்டி மேலே ‘கண்ணாடி’ என்று எழுத ஒரு நிமிடம் ஆகும். நாப்கினைத் தனியாகச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட அதுவும் ஆகாது. வளர் இளம் பெண்களுக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லித்தருவதை விட்டுவிட்டு இதை எல்லா மாணவர்களுக்கும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

மூன்று மாதம் கழித்துக் குழியைத் திறந்து உரத்தைச் சலிக்கும் நாளில் பிள்ளைகள் கையிலேயே சல்லடையைக் கொடுங்கள். கறுத்த, பொலபொலவென்ற உரம் கீழே இறங்கிவிடும். மேலே நிற்பதை ஒரு தட்டில் போட்டுப் பாருங்கள். ஆப்பிளில் ஒட்டியிருந்த குட்டி ஸ்டிக்கர். பேனா மூடி. தேநீர்ப் பையின் வலை. காகிதம் என்று நினைத்தது பிளாஸ்டிக் இழை. நிறைய எண்ணிக்கையில், நகக்கண் அளவு முக்கோணத் துண்டுகள்: பால் பாக்கெட்டின் மூலைகள். பாக்கெட்டைப் பழைய பொருள் கடைக்குப் போடுகிற சிக்கனமான வீடுகளில்கூடக் கத்தரித்த மூலை மட்டும் காய்கறித் தோலோடு போய்விடுகிறது. இவ்வளவு சிறிதாக இருப்பதை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. இதற்குத் தீர்வு எளிது. கத்தரியை முழுக்க ஓட்டாமல், ஒரு நூல் அளவு விட்டு நிறுத்திவிட வேண்டும். மூலை பாக்கெட்டோடு தொங்கிக்கொண்டே இருக்கும், பால் ஊற்ற எந்தத் தடையும் இல்லை. நாளைக் காலையிலேயே செய்து பார்க்கலாம்.